வேலை பாஸுக்குக் காத்திருக்கும் மலேசியருக்கு: காரா, சாமானா, எதை எப்போது பாலம் தாண்டவிடுவது?

சிங்கப்பூரில் வேலை உறுதியாகிவிட்டது. நிறுவனம் வேலை பாஸுக்கு, அதாவது அங்கே வேலை செய்ய அரசு தரும் அனுமதிக்கு, விண்ணப்பமும் போட்டுவிட்டது. ஈப்போவிலோ கிள்ளானிலோ வீட்டைக் காலி செய்யவேண்டிய தேதி நெருங்குகிறது. வாசலில் ஒரு மைவி கார், கூடத்தில் அட்டைப் பெட்டிகள். இந்த நிலையில் இருக்கும் நம்மவர்கள் பலரும் கேட்பது, எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு ஜோகூர் பாலம் தாண்டி உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக ஒரே நடையில் வந்துவிடலாமா என்றுதான். வேண்டாம் என்பதே என் பதில். காருக்குச் சட்டம் வேறு, சாமானுக்குச் சட்டம் வேறு. செலவும் நேரமும்கூட வேறு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பணமும் மிஞ்சும், மனமும் நிம்மதியாக இருக்கும்.

காரை முதலில் பார்த்துவிடுவோம். காரை இறக்குமதி செய்து சிங்கப்பூர்ப் பதிவெண் வாங்குவது ஒரு வழி. ஏட்டில் இருக்கிறதே தவிர நடுத்தரக் குடும்பத்துக்கு இது ஆகாது. பழைய கார் என்றால் மூன்று வயதுக்குள் இருக்கவேண்டும். சுங்கத்துறை அதன் மதிப்பை 20,000 சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்தது என்றால், கூடுதல் பதிவுக் கட்டணம் இன்னொரு 20,000, கலால் வரி 4,000, அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி, பழைய கார் என்பதற்காகத் தனியாக 10,000. இவ்வளவும் கட்டிய பிறகு சிஓஇ, அதாவது கார் வைத்துக்கொள்ள ஏலத்தில் வாங்கும் உரிமைச் சான்றிதழ், எடுக்கவேண்டும். 2025-இல் சிறிய கார்களுக்கான சிஓஇ மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. இதற்குமேல் இந்த வழியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மலேசியப் பதிவெண்ணோடு ஓட்டி வருவது அடுத்த வழி. ஜோகூர் பாருவில் குடியிருந்து தினமும் வேலைக்கு வந்துபோகிறவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். சிங்கப்பூரில் குடியேறிவிட்டால் வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட காரை இங்கே வைத்து ஓட்ட முடியாது. வந்துபோகிறவருக்கும் செலவு கொஞ்சநஞ்சமில்லை. வார நாளில் காருக்கு விஇபி என்னும் வாகன நுழைவு அனுமதிக் கட்டணம் நாளொன்றுக்கு 35 வெள்ளி, ஒவ்வொரு நுழைவுக்கும் பரஸ்பரச் சாலைக் கட்டணம் 6.40 வெள்ளி. மாதத்துக்கு 22 வேலை நாள் என்று போட்டால் 910 வெள்ளிக்கு மேல் போகிறது. பாலத்துச் சுங்கக் கட்டணம், இஆர்பி என்னும் மின்னியல் சாலைக் கட்டணம், பார்க்கிங் எல்லாம் தனி. ஆண்டுக்கு 10 நாள் இலவசம் உண்டு, வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் விஇபி கிடையாது, வார நாளில் மாலை 5 மணிக்குமேல் வந்து பின்னிரவு 2 மணிக்குள் திரும்பினாலும் கிடையாது. காலை ஷிப்டுக்கு வருகிறவருக்கு இந்தச் சலுகைகளால் பெரிய பயன் இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு விஇபி நாளொன்றுக்கு 4 வெள்ளிதான். விடியற்காலையில் பாலத்தில் ஏன் அத்தனை மோட்டார் சைக்கிள் என்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

மிஞ்சுவது இரண்டு: காரை ஜோகூரில் விட்டுவைப்பது, அல்லது விற்றுவிடுவது. பாஸ் வராத வரையில் விட்டுவைப்பதையே சொல்வேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மறுநாளே ஊரில் வண்டி தேவைப்படும். அவசரத்தில் விற்றுவிட்டுப் பிறகு புதுக் கடன் போட்டு இன்னொன்று வாங்குவது பெரும் நட்டம். பாஸ் கைக்கு வந்து, இங்கே தங்கப்போவது உறுதியான பின்பு கணக்கு மாறிவிடும். மாதத் தவணை, காப்புறுதி, சாலை வரி என்று ஓடாத வண்டிக்குக் கட்டிக்கொண்டே இருப்பதைவிட விற்பது மேல். வாரந்தோறும் ஊருக்குப் போகிறவர், வயதான பெற்றோரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறவர் என்றால் வைத்துக்கொள்ளலாம். அந்தச் செலவுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது.

இனி சாமான். யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

பாஸ் வருவதற்கு முன்பே வீடு மாற்றித் தரும் மூவர்ஸ் லாரியில் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அந்தச் சாமான் எங்கே இறங்கும்? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அரசு அடுக்குமாடி வீட்டில் அறை எடுக்க வெளிநாட்டவரிடம் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ் இருக்கவேண்டும். பாஸ் இல்லாதவர் இங்கே ஒரு வருகையாளர்தான். வரிவிலக்கு இன்னொரு சிக்கல். குடிபெயர்ந்து வருகிறவர்களின் பழைய வீட்டுப் பொருள்களுக்குச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறை ஜிஎஸ்டி விலக்குத் தருகிறது. பொருள் மூன்று மாதமாவது உங்களுக்குச் சொந்தமாக இருந்து புழங்கியதாக இருக்கவேண்டும். நீங்கள் இங்கே முதலில் வந்து சேர்ந்து ஆறு மாதத்துக்குள் அது வந்துவிடவேண்டும். வந்தபின் மூன்று மாதத்துக்கு விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது. காருக்கும் மதுவுக்கும் புகையிலைக்கும் இந்த விலக்கு இல்லை. குடிபெயர்கிறீர்கள் என்பதைக் காட்ட ஆவணம் வேண்டும். விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று வாயால் சொல்வது போதாது.

ஒரு கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் மாவரைத்து, பானையெல்லாம் கீறல் விழுந்த கிரைண்டர் பழைய பொருள் என்பதைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம். புறப்படுவதற்கு முந்தைய வாரம் வாங்கி, அட்டைப் பெட்டிகூடப் பிரிக்காத மிக்சியை அப்படிச் சொல்ல முடியாது. அது புதுப் பொருள், வரி உண்டு. சாமான் பட்டியல் எழுதும்போது ‘சமையலறைச் சாமான், 4 பெட்டி’ என்று முடித்துவிடாதீர்கள். பெட்டிக்கு எண் போட்டு உள்ளே என்னென்ன, ஏறக்குறைய எப்போது வாங்கியது என்று எழுதுங்கள். ரசீது இருந்தால் போனில் படமெடுத்து வையுங்கள்.

பெட்டி பெட்டியாகப் பஸ்ஸில் கொண்டுவருவதைப் பலர் விரும்புகிறார்கள். துணிமணி, சான்றிதழ், மருந்து இவற்றுக்குச் சரி. கனமான பொருளுக்குச் சரிப்படாது. எல்லை தாண்டும் 170-ஆம் எண் பஸ்ஸிலோ சிடபிள்யூ1 பஸ்ஸிலோ வந்தாலும் இரண்டு சோதனைச்சாவடியிலும் எல்லாப் பையையும் இறக்கிச் சுமந்து, வரிசையில் நின்று, மறுபடி அடுத்த பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. பயணிகள் புதுப் பொருள் கொண்டுவரக் கிடைக்கும் 100 வெள்ளி, 500 வெள்ளி ஜிஎஸ்டி விலக்கு, வேலை பாஸ் வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. பாஸ் வந்தபின் ஜோகூரில் மலிவு என்று புதிதாக வாங்கி வந்தால் வரி கட்டித்தான் ஆகவேண்டும்.

ஆகவே சாமானை ஜோகூர் வரை கொண்டுவந்து, உறவினர் வீட்டிலோ வாடகைக் கிடங்கிலோ வைத்துவிட்டு, பாஸ் வந்ததும் ஒரே லாரியில் எடுத்துவருவதே இந்த மூன்று வழிகளிலும் நல்லது என்பேன். கிடங்கு வாடகை கொஞ்சம் போகும். விண்ணப்பம் தவறினால் இரு முறை எல்லை கடக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை. காத்திருப்பும் பெரும்பாலும் நீளாது. இணையத்தில் போட்ட இபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) விண்ணப்பம் பலவற்றுக்கு மனிதவள அமைச்சு 10 வேலை நாளில் முடிவு சொல்லிவிடுகிறது. ஐபிஏ என்னும் கொள்கையளவு ஒப்புதல் கடிதம் இபிக்கு ஆறு மாதம், இடைநிலைத் திறனாளர்களுக்கான எஸ் பாஸுக்கு 60 நாள் செல்லும். எஸ் பாஸ்காரர்கள் லாரிக்கு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. இடையில் வருகையாளராக வந்து வீடு பார்க்கலாம். ஒரு நாள்கூட வேலைக்கு உட்காரக் கூடாது, முதலாளியே கூப்பிட்டாலும்.

கார் ஊரிலேயே நின்றாலும் உரிமத்தை மறந்துவிடாதீர்கள். மலேசிய உரிமத்தில் இங்கே 12 மாதம் வரை ஓட்டலாம். அதற்குமேல் தங்கி ஓட்டவேண்டுமானால் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு எழுதி உரிமத்தை மாற்றியாகவேண்டும்.