பிளைவுட் என்று சொல்லி மரத்தூள் பலகையைத் தலையில் கட்டினார்கள்

புது வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர்கள், அதிலும் மூலை மேசை பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எங்களுக்கு 11,500 ரூபாய் போய்விட்டது. அடுத்தவருக்காவது போகக் கூடாது.

ஆவணியில் மதுரை பக்கம் நாகமலை புதுக்கோட்டையில் பால் காய்ச்சிக் குடி வந்தோம். கட்டில், பீரோ எல்லாம் பழையதையே கொண்டுவந்துவிட்டோம், வாங்க வேண்டியிருந்தது மேசை ஒன்றுதான். நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன், மகள் பத்தாம் வகுப்பு. பத்துக்குப் பத்து அறையில் ஒரு சுவருக்குப் பீரோ, ஒரு சுவருக்குக் கதவு என்று போனபின் மிச்சம் இருந்தது ஜன்னல் ஓரத்து மூலைதான். அங்கே எல் வடிவத்தில் ஒரு மேசை போட்டால் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள் என்று உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

நாலைந்து கடை ஏறி இறங்கினோம். நல்ல மேசை எல்லாம் இருபதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு கடையில் பார்த்ததுதான் பிடித்துப்போனது. ஒயர் விடும் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தேன், மெல்லிய மரத் தகடுகளை ஒட்டிச் செய்யும் பிளைவுட்டின் அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன. 'அக்கா, பதினெட்டு எம்எம் பிளைவுட், வாட்டர்ப்ரூஃப், தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாது' என்றார் கடைக்காரர். ஜன்னல் பக்கம் 5 அடி, மறுபக்கம் 4 அடி, மூலையைப் பார்த்து நின்றால் நீளமான பக்கம் இடது கையில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, 5,000 அட்வான்ஸ் ஜிபேயில் போட்டேன். பணம் போனது கடைப் பெயருக்கு இல்லை, ஏதோ ஒரு ஆள் பெயருக்கு. அப்போதே கேட்டிருக்க வேண்டும். பில் கேட்டதற்கு, 'பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும்க்கா, உங்களுக்குத்தான் நஷ்டம்' என்று வெள்ளைத்தாளில் 'கார்னர் டேபிள் 1' என்று எழுதிக் கொடுத்தார். என்ன பலகை, எத்தனை எம்எம், எந்தப் பக்கம் நீளம், ஒன்றும் அதில் இல்லை.

பத்து நாளில் தருவதாகச் சொன்னது புரட்டாசி பாதியில்தான் வந்தது, அதுவும் ராத்திரி எட்டரை மணிக்கு. டாடா ஏஸில் இரண்டு பையன்கள் வந்தார்கள், பிரித்த பலகையாக மாடிக்கு ஏற்றினார்கள், முக்கால் மணி நேரத்தில் பூட்டி முடித்துவிட்டு மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நீளமான பக்கம் வலது கையில் வந்திருந்தது. கேட்டதற்கு, 'நாங்க ஏத்தி இறக்கிப் பூட்டுறவங்கக்கா, ஓனர்ட்ட பேசிக்கோங்க' என்றார்கள். 5 அடிப் பக்கம் கதவை இடித்துக்கொண்டு நின்றது. இரண்டு பலகையும் சேர்கிற மூலைக்கு அடியில் கால் கிடையாது. கடையில் பார்த்த மேசைக்கு அந்த இடத்தில் கால் இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இருந்தாலும் பலகை கனமாக இருக்கிறதே, சரக்கு நல்லதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கனத்தை நம்பாதீர்கள். மரத்தூளையும் மரச்சில்லையும் பசை போட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டும் பிளைவுட் அளவுக்குக் கனக்கும், சில நேரம் கூடவே இருக்கும். மேலே மரக் கலரில் தாள் ஒட்டி ஓரத்துக்குப் பட்டை அடித்துவிட்டால் வெளியில் இருந்து பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது.

எங்களுக்குத் தெரிந்தது ஒயருக்கு ஓட்டை போட எலக்ட்ரீஷியன் வந்த அன்றைக்குத்தான். துளை போட்டுவிட்டு உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். அடுக்கே இல்லை, ரஸ்க்கை உடைத்தால் தெரிகிற மாதிரி பொரபொரவென்று இருந்தது. 'இது பிளைவுட் இல்லம்மா' என்று அவர் சொன்னதும் எனக்கு வயிறு எரிந்தது. உடனே கடைக்குப் போன் போட்டேன். 'அது இன்ஜினியர்டு வுட்க்கா, பிளைவுட்ட விட உசத்தி' என்று பதில். பசை போட்டு ஒட்டிச் செய்யும் பலகை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் அது. பக்கம் மாறி வந்ததைக் கேட்டால், 'நீங்க அப்படித்தானே சொன்னீங்க' என்கிறார். எழுத்தில் இல்லாததால் என்னால் மேற்கொண்டு பேச முடியவில்லை.

பார்ட்டிகிள் போர்டு என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று ஐஎஸ்ஐ தரம் இருக்கிறது, ஈரம் படாத அறையில், பாரம் அதிகம் ஏற்றாமல் வைத்துக்கொண்டால் பல வருஷம் வரும். அதன் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு விற்றால் வாங்குகிறவர் யோசித்து வாங்குவார். காட்டியது ஒன்று, கொண்டுவந்து இறக்கியது வேறு ஒன்று, அதுதான் என் கோபம்.

ஐப்பசி மழை தொடங்கியதும் ஜன்னல் பக்கத்துச் சுவர் லேசாக ஓதம் காத்தது. மேசையின் பக்கப் பலகை நேராகத் தரையில் உட்காருகிற மாதிரி செய்திருந்தார்கள், அடியில் ஒரு ரப்பர் புஷ் கூட இல்லை. தினமும் மாப் போடுகிற ஈரம் வேறு. கார்த்திகை பிறப்பதற்குள் அடிப்பக்கம் ஊறிப் பொரிந்து, ஓரப் பட்டை வாய் பிளந்துவிட்டது. ஒருமுறை ஊறின பலகை காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. அப்புறம் மூலையில் திருகாணி பிடியை விட்டது. மகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே பலகை ஒரு இஞ்ச் இறங்கி என் மானிட்டர் சரிந்தது, அவள் சட்டென்று பிடித்ததால் தப்பித்தது. அன்றைக்கே மேசையைக் கழற்றி மொட்டை மாடியில் போட்டோம்.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு. ஒயர் ஓட்டை, திருகாணி இறங்கிய இடம், மேசையின் அடிப்பாகம், இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் பலகையின் உள்பக்கம் தெரியும். காட்சிக்கு வைத்ததில் பார்த்தால் போதாது, வீட்டுக்கு வந்து இறங்கியதிலும் பாருங்கள், பார்த்தபின் மீதிப் பணத்தைக் கொடுங்கள். வாட்டர்ப்ரூஃப் என்று சொன்னால் பலகையில் ஐஎஸ் 710 முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள், சாதாரண பிளைவுட் என்றால் ஐஎஸ் 303. இடது, வலது என்று வாயால் சொல்லாமல் படம் வரைந்து அதில் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். சுவர் மூலைமட்டமாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்: மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, இன்னொன்றில் 4 அடி குறித்து, அந்த இரண்டு குறிக்கும் நடுவே அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். வராவிட்டால் எந்த ரெடிமேட் மேசையும் இடைவெளி விட்டுத்தான் நிற்கும்.

கடைசியில் நாங்கள் செய்தது இதுதான். பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஒரு இஞ்ச் சதுர பைப்பில் ஃப்ரேம், மூலைக்குத் தனிக் கால். எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஷீட்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டு அடி அகலத்தில் இரண்டு துண்டு. மறுபக்கத்து 4 அடியில் மூலையின் 2 அடி 5 அடிப் பக்கத்திலேயே வந்துவிடுவதால் எங்கள் மேசைக்கு ஒரு துண்டில் ஏழு அடியே போதுமாக இருந்தது, மற்ற துண்டு மகளின் புத்தக அலமாரி ஆனது. கூலியோடு சேர்த்து, ஏமாந்த தொகையை விடக் கொஞ்சம்தான் கூட.

கடைக்காரர் இப்போது என் நம்பரை எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தேன், தமிழிலேயே புகாரைப் பதிந்துகொண்டார்கள். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம்தான். பில் இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், வெள்ளைத்தாள், ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் சான்றுதான். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நான் மதுரையில் போடப் போகிறேன். பொரிந்த பலகை சாட்சிக்காக மாடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன், பழைய சாமான்காரர் வந்து கேட்டும் கொடுக்கவில்லை.