11 வருட ஹார்மோன் மாத்திரை: தொடர்வதா, மாற்றுவதா, விடுவதா?

"எத்தனை வருஷமா சாப்பிடறீங்க?" என்று புது டாக்டர் கேட்டார். பதினொன்று என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அடுத்த தடவை வரும்போது இதுக்கு ஒரு முடிவு கட்டிடலாம்" என்றார். மனிதர் தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேனாவை வைத்த விதம் மூன்று வாரம் என்னைத் தூங்கவிடவில்லை.

மாதவிடாய் நின்றபின் குறைந்துபோன ஹார்மோனை ஈடுகட்டும் சிகிச்சைக்கு எச்.ஆர்.டி. என்று பெயர். வருஷக்கணக்கில் அதை எடுப்பவர்களுக்கு மறுபரிசீலனை என்றாலே இரண்டு பயம். நிறுத்திவிடுவாரோ என்பது ஒன்று. நிறுத்தாமலே விட்டுவிடுவாரோ என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளுக்கு, ஒரே ராத்திரியில் வரும்.

என் கதை சுருக்கமாக: 50 வயதில் மாதவிடாய் நின்றது. ராத்திரியில் நாலு தடவை நைட்டி மாற்றும் அளவுக்கு வியர்வை. கர்ப்பப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் புரொஜெஸ்டினும் (புரொஜெஸ்டிரோன் ஹார்மோனின் செயற்கை வகை) சேர்ந்த ஒற்றை மாத்திரை கொடுத்தார்கள். இப்போது 61. அந்த மூன்று வாரத்தில் என் முன்னால் இருந்த வழிகளை எடைபோட்டதன் விளைவு இது. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கும், 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களுக்கும் கணக்கு வேறு. முன்கூட்டியே நின்றவர்களுக்கு இயல்பான வயது வரை, அதாவது ஏறக்குறைய 51 வரை, ஹார்மோன் கொடுப்பது விட்டதை ஈடுகட்டுவதுதான். அந்த வருடங்களை "நீண்டகாலம்" என்ற கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

அதே மாத்திரையைத் தொடர்ந்தால்

எல்லாருடைய பயத்துக்கும் ஊற்றுக்கண் 2002 ஜூலை. அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வில் கூட்டு மாத்திரைப் பிரிவைப் பாதியில் நிறுத்தினார்கள். 16,608 பெண்கள், சராசரியாக ஐந்து வருடத்துக்குச் சற்று மேல். மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் என்ற கணக்கில் மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. பக்கவாதமும் அதே அளவு கூடியது. இடுப்பெலும்பு முறிவு 5, பெருங்குடல் புற்றுநோய் 6 என்று குறைந்தும் இருந்தன; அந்தப் பாதி யார் காதிலும் விழவில்லை. உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள்.

பிறகு வந்த திருத்தம் நியாயமானது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. 50 வயதில் வியர்வை தாங்காமல் தொடங்குகிறவளுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்கு நன்மையே அதிகம் என்று அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2022 அறிக்கையில் சொல்கிறது.

எனக்கு இங்கேதான் உறைத்தது. அந்தத் திருத்தத்தை நான் பதினொரு வருடமாக ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இடையில் எனக்கே வயது 61 ஆகிவிட்டது. மாத்திரை மாறவில்லை, அதை விழுங்கும் உடம்பு மாறிவிட்டது. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய், ரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கூட்டுகிறது. 50 வயதில் ரத்தக் குழாய்க்குள் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பே குறைவு. அது ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ ஆனாலும் சிறிய எண்தான். வயது ஏற ஏற அடிப்படை எண்ணே பெருகுகிறது. அதே மடங்கு பெரிய எண்ணாகிறது.

மார்பகத்தின் கணக்கு வருடங்களைப் பொறுத்தது. 2019-ல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வு தெளிவாகச் சொல்கிறது. மேலை நாடுகளில் ஹார்மோனே எடுக்காத 100 பெண்களில் 50 முதல் 69 வயதுக்குள் சுமார் 6 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. 50 வயதில் தொடங்கி ஐந்து வருடம் கூட்டு ஹார்மோனைத் தினமும் எடுத்தவர்களில் அது சுமார் 8. அதாவது ஐம்பது பேரில் ஒருவர் கூடுதல். பத்து வருடம் என்றால் அந்தக் கூடுதல் ஏறக்குறைய இரட்டிப்பு. என்னைப் போன்றவர்கள் அந்தப் பத்து வருடக் கணக்கில் இருக்கிறோம். அதை மறைத்துப் பேசுவதில் லாபமில்லை.

ஆக, அப்படியே தொடர்வது என் பட்டியலில் கடைசி. அதன் ஒரே பலம் பழக்கம்.

தோல் வழியாக: பட்டையும் ஜெல்லும்

என் கவலையில் பாதியைக் கரைத்தது இந்தப் பகுதிதான். பேட்ச் என்கிற பட்டையும் ஜெல்லும் அதே ஈஸ்ட்ரோஜனைத் தோல் வழியாக ரத்தத்தில் சேர்க்கின்றன. முதலில் கல்லீரலுக்குப் போவதில்லை. பிரான்ஸில் நடந்த ஈஸ்தர் ஆய்வும், 2019-ல் 'பி.எம்.ஜே.' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வும் தோல்வழி முறையில் ரத்தக்கட்டு அபாயம் கூடவில்லை என்றே காட்டின. பக்கவாதத்திலும், 50 மைக்ரோகிராம் வரையிலான பட்டையில் அபாயம் கூடவில்லை என்று 2010-ல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. இவை எல்லாம் நடந்ததைக் கவனித்து ஒப்பிட்ட ஆய்வுகள், சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனைகள் அல்ல. ஆனாலும் திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சாய்கின்றன.

பட்டைக்கு இன்னொரு வசதியும் உண்டு. 100, 75, 50, 37.5, 25 என்று படிப்படியான அளவுகளில் வருவதால் இறங்குவது சுலபம். மாத்திரையில் இத்தனை படிகள் கிடையாது.

குறைகளும் சொல்ல வேண்டும். ஒட்டிய இடம் அரிக்கும். வியர்த்தால் ஓரம் கிளம்பும். ஜெல் காயும்வரை காத்திருக்க வேண்டும். பேரக்குழந்தையைத் தூக்குகிற கையில் தடவிக்கொண்டு நிற்க முடியாது. இன்னும் முக்கியமானது: கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம் என்பது 1975-லேயே தெரிந்துவிட்டது. ஆகவே கூடவே புரொஜெஸ்டிரோன் கட்டாயம். ஒற்றை மாத்திரையில் இருந்தவளுக்கு இப்போது நினைவில் வைக்க இரண்டு வேலை.

மார்பக அபாயத்தைப் பட்டை பெரிதாகக் குறைப்பதில்லை. 'எல்லாம் பாதுகாப்பு' என்று சிலர் பேசுவது கேட்டால் எரிச்சல் வருகிறது. ரத்தக்கட்டுக்கு ஒரு கணக்கு, மார்பகத்துக்கு வேறு கணக்கு.

கூட்டாளி யார்?

அந்த இரண்டாவது கணக்கில் ஈஸ்ட்ரோஜனை விட அதன் கூட்டாளியான புரொஜெஸ்டினுக்குத்தான் பங்கு அதிகம். 2019 தொகுப்பாய்விலேயே, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் கூடுதல் இருநூறு பேருக்கு ஒருவர்தான். அமெரிக்க ஆய்விலோ, கர்ப்பப்பை எடுத்து ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைந்தே இருந்தது. இரண்டு ஆய்வுக்கும் இதில் ஒத்துப்போகவில்லை என்றாலும், செயற்கைப் புரொஜெஸ்டின் சேரும்போது ஏறுகிறது என்பதில் இரண்டும் ஒன்று.

செயற்கை வகைக்குப் பதில், உடம்பில் சுரப்பதைப் போன்றே இருக்கும் நுண்துகள் புரொஜெஸ்டிரோன் காப்ஸ்யூல் எடுத்தால் அபாயம் குறைவு என்று 80,000-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு காட்டியது. ஐந்து வருடம் தாண்டினால் அந்த ஆறுதலும் மெலிகிறது. ஆனாலும் என் பழைய மாத்திரையோடு ஒப்பிட்டால் இதுதான் மேல். ராத்திரியில் போட்டுக்கொண்டால் கொஞ்சம் தூக்கமும் வரும். எனக்கு அது நஷ்டமில்லை.

விட்டுவிட்டால்

65 வயதானால் நிறுத்தியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அமெரிக்க மெனோபாஸ் சங்கம் வயதை மட்டும் வைத்து நிறுத்த வேண்டாம் என்கிறது. அதே நாட்டில் முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிட்ட, முதியவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் 2023 பட்டியல், 65-க்கு மேல் புதிதாகத் தொடங்காதீர்கள், ஏற்கெனவே எடுப்பவர்களுக்கு விடுவிப்பதை யோசியுங்கள் என்கிறது. டாக்டர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வதாக நாம் குறைப்படுகிறோம்; அவர்கள் படிக்கும் ஏடுகளே அப்படித்தான் இருக்கின்றன.

விட்டால் என்ன ஆகும்? ஏறக்குறைய பாதிப் பேருக்கு வியர்வையும் ஹாட் ஃப்ளாஷும் (திடீரென உடம்பில் பரவும் சூடு) திரும்பி வரும். அமெரிக்காவின் 'ஸ்வான்' ஆய்வில் பாதிப் பேருக்கு அவை 7.4 வருடத்தையும் தாண்டி நீடித்தன. எலும்புக்குக் கிடைத்துவந்த காவல் நிறுத்திய சில வருடங்களில் கரைந்துவிடும். எலும்பு அடர்த்தி ஏற்கெனவே குறைந்தவர்கள் மாற்று மருந்து பற்றிப் பேசாமல் நாற்காலியை விட்டு எழக் கூடாது.

ஒரேயடியாக நிறுத்துவதா, படிப்படியாகவா? பிரிட்டனில் சிகிச்சை விதிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் நேர்மையாகச் சொல்கிறது: படிப்படியாகக் குறைத்தால் முதல் சில மாதங்களில் தொல்லை திரும்புவது குறையலாம், நாள் போகப் போக இரண்டுக்கும் வித்தியாசமில்லை. எனக்கு முதல் சில மாதங்களே பெரிய விஷயம் என்பதால் படிப்படி.

ஹார்மோன் இல்லாத மருந்துகள்

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இவை பெரிய வரம். மற்றவர்களுக்கு இரண்டாம் தேர்வு. 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெசோலினெட்டன்ட், மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்திலேயே வேலை செய்து ஹாட் ஃப்ளாஷைக் குறைக்கிறது. கல்லீரல் பாதிப்பு எச்சரிக்கை இருப்பதால் முதல் மூன்று மாதம் மாதாமாதம் ரத்தப் பரிசோதனை வேண்டும். வென்லஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் ஓரளவு உதவும். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் எடுப்பவர்கள் மட்டும் இந்த வகையில் பராக்ஸெட்டினைத் தவிர்ப்பது நல்லது. அது டமாக்சிஃபெனின் வீரியத்தைக் குறைத்துவிடும். ஹார்மோன் இல்லாத இந்த மருந்துகளில் எதுவும் எலும்பைக் காப்பதில்லை.

பெண்ணுறுப்பு வறட்சியும் அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றும்தான் இப்போதைய தொல்லை என்றால், மேலே சொன்ன எதுவும் வேண்டாம். உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ கிரீமோ போதும். ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கிறது. கூடப் புரொஜெஸ்டிரோன் தேவையில்லை. 2019 தொகுப்பாய்வில் மார்பக அபாயமும் கூடவில்லை. பலர் கூச்சத்தில் இதைக் கேட்காமலே போய், முழு உடம்புக்கும் ஹார்மோனைத் தொடர்கிறார்கள். வறட்சி வயதோடு தானாகச் சரியாகும் ரகமில்லை; வியர்வைதான் என்றாவது ஓயும்.

பரிசீலனை நாள்

ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனேன்: ரத்த அழுத்தம், கடைசி மேமோகிராம் தேதி, அம்மாவுக்கு 70-ல் இடுப்பெலும்பு முறிந்தது, குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இல்லை, ரத்தக்கட்டு வந்ததில்லை, ரத்தப்போக்கு இல்லை. கடைசியதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வருடக்கணக்கில் நின்றிருந்த பிறகு துளி ரத்தம் பட்டாலும், எச்.ஆர்.டி. மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காமல் காட்டிவிட வேண்டும்.

டாக்டர் சீட்டைப் படித்தார். நிறுத்தத்தான் நினைத்திருந்ததாகச் சொன்னார். "பட்டைக்கு மாறி, அங்கேயிருந்து இறங்கலாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 50 மைக்ரோகிராம் பட்டை, ராத்திரிக் காப்ஸ்யூல், மூன்று மாதம் கழித்து வாங்க என்று எழுதினார். அப்போது நன்றாக இருந்தால் 37.5.

பட்டையை இடுப்புக்குக் கீழே ஒட்டிக்கொள்கிறேன். ஞாயிறும் வியாழனும் மாற்ற வேண்டும். முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிறு மறந்துவிட்டேன். செவ்வாய் விடியற்காலை நாலு மணிக்குத் தலையணை நனைந்து எழுந்தபோதுதான் ஞாபகம் வந்தது.