வெட்ட அனுமதியா, கவாத்துக்கு அனுமதியா?

என் நிலத்து மரத்தின் கிளைகள் கூரைமேல் படர்ந்தபோது, மரத்தையே வெட்டுவது, கவாத்து செய்வது (கிளைகளை மட்டும் கழிப்பது) என்ற இரண்டில் ஒன்றுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கவாத்தைத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

மரம் பொது நிலத்தில் நின்றால் இந்தத் தேர்வே நம் கையில் இல்லை. மனு கொடுக்கலாம், வெட்டுவதும் கழிப்பதும் நிலத்துக்குப் பொறுப்பான நிர்வாகத்தின் வேலை. சொந்த நிலம் என்பதாலும் தப்பிவிட முடியாது. சிங்கப்பூரின் மரப் பாதுகாப்புப் பகுதிகளில் 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். இங்கிலாந்தின் பாதுகாப்புப் பகுதிகளில் 1.5 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 75 மில்லிமீட்டரைத் தாண்டினாலே 6 வார முன்னறிவிப்பு தர வேண்டும். கிளை கழிக்கவும் இதே விதிதான். ஆகவே கவாத்து என்றால் எழுத்து வேலை இல்லை என்று நம்பி இறங்கிவிடாதீர்கள்.

கட்டணம், காத்திருப்பு எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறொன்று: வெட்டிய பிறகு வரும் கடமை. பல இடங்களில் வெட்டும் அனுமதியோடு ஈடாகக் கன்று நட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது. நட்டால் மட்டும் போதாது, அது பிழைக்கவும் வேண்டும். தண்ணீர், வேலி, பட்டுப்போனால் மறுபடி நடுதல் என்று வேலை வருடக்கணக்கில் நீளும். இங்கிலாந்தில் பாதுகாப்பு ஆணைக்கு (குறிப்பிட்ட மரத்தைக் காக்க உள்ளூர் நிர்வாகம் பிறப்பிக்கும் ஆணை) உட்பட்ட மரமாக இருந்தால், மறுநடவுக் கடமை நிலத்தோடே போகிறது. நிலத்தை விற்றால் வாங்கியவர் தலையில் விழும். வாங்க வருபவர் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார். இத்தனையும் செய்தாலும் பழைய நிழல் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். கவாத்தில் அந்தச் சுமை இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் வைத்துக் கழிக்கும் செலவுதான்.

ஆனால் கழிப்பதில் ஒழுங்கு வேண்டும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் புடைப்பைச் சிதைக்காமல், அதன் வெளி ஓரத்தில் வெட்ட வேண்டும். அப்போதுதான் காயத்தைச் சுற்றிப் புதுத் திசு வளர்ந்து மூடும். உச்சியை மொட்டையடித்தால் அழுகல் உள்ளே இறங்கும். மேலே பலவீனமான போத்துகள் வெடிக்கும். அனுமதி இல்லாமல் அப்படிச் செய்வதைப் பல சட்டங்கள் மரத்தை வெட்டியதற்குச் சமமாகவே பார்க்கின்றன.

அடித்தண்டு அழுகியிருந்தாலோ மரம் பட்டுப்போயிருந்தாலோ வெட்டுவதுதான் சரி. வேர் வீட்டின் அடித்தளத்தைப் பிளக்கும் இடங்களில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. அங்கே மர வல்லுநரின் அறிக்கை இல்லாமல் எந்தப் பக்கமும் சாய மாட்டேன். உடனடி ஆபத்து என்று வெட்ட நேர்ந்தால் முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ஆபத்து இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு வெட்டியவர் மீது வரலாம்.