பழைய ஸ்லைடு ஸ்கேன் செய்ய: மணிமேடைப் பக்கத்து மாடி ஸ்டுடியோ

திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் 36 வருஷம் மேல்வளிமண்டல ஆராய்ச்சி. ஓய்வுபெற்று நாகர்கோவில் வந்தபோது கையில் மிஞ்சியது இரண்டு பிஸ்கட் டின் நிறைய ஸ்லைடுகள், மொத்தம் 140. பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும் மகள்தான் இந்தக் கடையைச் சொன்னாள். ஒன்றுக்கு 20 ரூபாய். நாலு நாள் என்றார்கள், பதினொன்று ஆனது. அதை விடுங்கள்.

பென் டிரைவைப் போட்டுப் பார்த்தால் வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை!

அந்தி நேரத்தில் ராக்கெட் விட்டு மேலே சோடியம் ஆவியைப் பரப்புவோம். கீழே இருட்டியிருக்கும், நூறு கிலோமீட்டருக்கு மேலே இன்னும் வெயில். அதில் ஆவி ஆரஞ்சாக ஒளிரும். உயரத்துக்கு உயரம் காற்று வேறு வேறு பக்கம் இழுப்பதால், நேராகக் கிளம்பிய கோடு சில நிமிடத்தில் கோணல்மாணலாகிவிடும். இரண்டு மூன்று ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் படமெடுத்து, பின்னால் தெரியும் நட்சத்திரங்களை அடையாளமாக வைத்துத்தான் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் கணக்கிடுவோம். நட்சத்திரம் போனால் கணக்கே போச்சு. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவின் முதல் ராக்கெட் விட்ட மேகத்தைப் பதிமூன்று வயதில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். அந்த வேலைக்கு நான் போனதே அதனால்தான்.

மறுபடி மாடி ஏறினேன்.

“புள்ளி புள்ளியா இருந்துச்சு சார், தூசின்னு சாஃப்ட்வேர்ல எடுத்துட்டேன்” என்றான் பையன்.

“மக்கா, அது தூசி இல்ல. இந்தா, இந்தக் கொத்து கார்த்திகை. பக்கத்துல சிவப்பா இருக்கே, அது ரோகிணி.” எங்கள் ராக்கெட் வரிசைக்கும் அதே பெயர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவன் லென்ஸைக் கண்ணில் வைத்து எண்ண ஆரம்பித்திருந்தான். கார்த்திகையில் ஆறு எண்ணினான். என் கண்ணுக்கு இப்போது நாலுதான்.

வானப் படங்கள் 38ஐயும் காசு வாங்காமல் திரும்ப ஸ்கேன் செய்து கொடுத்தான். சாம்பல் பூத்திருந்த ஆரஞ்சும் திரும்பி வந்தது. கல்யாண ஆல்பம் கொடுப்பவர்களுக்குப் பிரச்சினை இருக்காது. வேறு எது கொடுத்தாலும் ‘தூசி நீக்க வேண்டாம், நிறம் மாற்ற வேண்டாம்’ என்று கவரின் மேலேயே எழுதிவிடுங்கள். அப்புறம், படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. இரண்டாவது டின்னைப் பேரனிடம்தான் கொடுத்தனுப்பினேன்.