மேரியன் கிரீக் முகாம்: ஓர் இரவுக்கு என்று போகாதீர்கள்

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 425 கிலோமீட்டர் தொலைவில், டால்ட்டன் நெடுஞ்சாலையின் 180ஆம் மைலை ஒட்டி, ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களுக்குள் ஒதுங்கி இருக்கிறது மேரியன் கிரீக் முகாம். 27 தங்குமிடங்கள் கொண்ட இந்தச் சிறிய முகாமை அமெரிக்க நடுவண் அரசின் நில மேலாண்மைத் துறை நடத்துகிறது. வடதுருவக் கடலோரம் வரை போகும் பயணிகளில் பலர் இங்கே இரவு பத்து மணிக்கு மேல் வந்து சேர்ந்து, தூங்கி எழுந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். நானும் ஓரிரவு என்ற கணக்கோடுதான் ஜூன் மாதக் கடைசியில் வந்தேன். ஆனால் மறுநாள் காலையில் கட்டணப் பெட்டிக்குத் திரும்பவும் நடந்துபோய் இன்னொரு உறையை எடுத்தேன்.

வந்து சேரும் வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1974ஆம் ஆண்டு எண்ணெய்க் குழாய் அமைக்கும் பணிக்காக ஒரே கோடையில் போடப்பட்ட சாலை இது. பொதுமக்கள் கடைசி வரை போவதற்கு 1994இல்தான் வழி திறந்தது. இன்றும் இது லாரிகளின் சாலைதான். தார் கொஞ்ச தூரம், சரளை கொஞ்ச தூரம் என்று மாறி மாறி வரும். எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டிவிடுவது நல்லது, இல்லையென்றால் முன்கண்ணாடி தப்பாது. பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். நான் வாடகைக்கு எடுத்த வண்டியில் மாற்றுச் சக்கரம் ஒன்றுதான் இருந்தது. அதிலும் காற்று பாதிதான் இருந்தது என்பதை நூறு கிலோமீட்டர் தாண்டிய பிறகே பார்த்தேன். சரளைச் சாலையில் ஓட்ட அனுமதிக்கும் வாடகை நிறுவனமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலானவை அனுமதிப்பதில்லை.

முகாமில் முன்பதிவு கிடையாது; காலியாக உள்ள இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, நுழைவாயில் பலகையருகே இருக்கும் உறையில் பணத்தை வைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டியதுதான். நான் தங்கியபோது ஓர் இரவுக்கு 8 டாலர். சில்லறை கையோடு இருக்கட்டும், மாற்றித் தர அங்கே யாரும் இல்லை. இந்தப் பணத்துக்குச் சரளை பரப்பிச் சமப்படுத்திய கூடாரத் தரை, மேசை, நெருப்பு வளையம், கழிப்பறை, குடிக்கத்தக்க கிணற்று நீர் ஆகியவை கிடைக்கின்றன. குளியலறை, மின்சாரம் போன்றவற்றை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது உகந்த இடம் அன்று. கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிகளும் உண்டு. உணவை மட்டுமன்றி, பற்பசை, சோப்பு முதலிய மணமுள்ள எதையும் அதற்குள் வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். அலுப்பில் நான் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் கூடாரத்துக்குள்ளேயே விட்டுவிட்டுப் படுத்து, பாதித் தூக்கத்தில் நினைவு வந்து எழுந்துபோய் வைத்துவிட்டு வந்தேன்.

பாதித் தூக்கம் என்றேனே, இருள் என்று சொல்லவில்லை. ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிச் சாலைவழியே நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருப்பதால், ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவில் அது மலைமுகட்டுக்குப் பின்னால் சற்று ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான்; கூடாரத்துணி விடிய விடிய மஞ்சளாக மின்னிக்கொண்டே இருக்கும். கண்ணைக் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புத் துணி எடுத்துச் செல்வது கூடாரத்தை எடுத்துச் செல்வதற்கு ஒப்பான தேவை.

இனி கொசு. ஜூன் கடைசி அவற்றின் உச்சகாலம் என்று தெரிந்தே போனேன், ஆனால் தெரிந்திருப்பது வேறு, தேநீர்க் கோப்பையின் விளிம்பில் ஏழெட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது வேறு. தலையை மூடும் கொசுவலையைப் போட்டுக்கொண்டால் சமைக்கலாம். சாப்பிடுவதற்கு அதைத் தூக்கித்தானே ஆக வேண்டும்! ஓடைக்கரையில் காற்று இருக்கும் நேரத்தில் மட்டும் அவற்றின் தொல்லை அடங்குகிறது. ஆகஸ்டில் போனால் கொசு குறையும், புளூபெர்ரியும் பழுத்திருக்கும் என்பதால் அடுத்த முறை அந்த மாதத்தையே தேர்ந்தெடுப்பேன்.

லாரிகளின் இரைச்சலைப் பற்றி அஞ்சியிருந்தேன். சாலைக்கு அருகிலுள்ள இடங்களில் அது தெளிவாகவே கேட்கிறது, இரவென்று லாரிகள் நிற்பதும் இல்லை. நான் உள்ளே தள்ளியிருந்த ஓரிடத்தைப் பிடித்ததால், இடையிலிருந்த மரங்கள் அதைத் தொலைவு உறுமலாக்கிவிட்டன.

என்னை இரண்டாம் இரவும் தங்கவைத்தது ஓடைதான். மேரியன் கிரீக் புரூக்ஸ் மலைத்தொடரின் சரிவிலிருந்து இறங்கி, சற்றுத் தள்ளி ஓடும் கோயுகுக் ஆற்றின் நடுக்கிளையில் கலக்கிறது. முகாமிலிருந்து ஓடையை ஒட்டி மேலேறி ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடந்தால் சுமார் 20 அடி உயரமுள்ள ஓர் அருவி வரும். அருவி சிறியது, அதற்காக மட்டும் நடப்பவர்கள் ஏமாந்துபோகலாம். நடை வழியில் காடு மாறும் விதமே எனக்குப் பெரிதாகப் பட்டது. நீரோட்டம் நிலத்தடிப் பனியை உருக்கிவைத்திருக்கும் கரையோரத்தில் வெள்ளை ஸ்ப்ரூஸும் பாப்லரும் நிமிர்ந்து வளர்ந்திருக்கின்றன. அங்கிருந்து ஐம்பதடி விலகினால், பாசி மெத்தையின்மேல் கறுப்பு ஸ்ப்ரூஸ்கள் குச்சி குச்சியாக, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. அந்தப் பாசிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மேலே வெயிலின் வெதுவெதுப்பு; அரை முழம் போனதும் விரல்நுனியில் சில்லென்று உறைமண் தட்டுப்பட்டது. கோடையில் இளகும் இந்தச் சிறு கனத்துக்குள்தான் அந்த மரங்கள் வேரைப் பரப்பிப் பிழைக்க வேண்டும்.

திரும்பும் வழியில், பாதைக்குக் குறுக்கே விழுந்து அறுத்துப் போடப்பட்டிருந்த ஒரு மரத்துண்டின் வளையங்களைக் கத்திமுனையால் எண்ணினேன். என் மணிக்கட்டைவிடச் சற்றே பருத்த தண்டு அது. 72 வரை எண்ண முடிந்தது. அதற்கு மேல் கோடுகள் மயிரிழையாக நெருங்கி ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இங்கிருந்து தெற்கே 45 மைல் தொலைவிலுள்ள பிராஸ்பெக்ட் கிரீக்கில்தான் 1971 ஜனவரியில் மைனஸ் 62 டிகிரி செல்சியஸ் பதிவானது; அலாஸ்காவில் அளக்கப்பட்ட கடுங்குளிர் அதுதான். இந்த மரமும் அந்தக் குளிர்காலத்தைக் கண்டதாகவே இருக்கும்.

தெற்கே எட்டு கிலோமீட்டரில் கோல்டுஃபுட் இருக்கிறது. 1900 வாக்கில் தங்கம் தேடி வந்தவர்களில் சிலர் குளிருக்கு அஞ்சிப் பின்வாங்கியதால் வந்த பெயர் என்பார்கள். அங்கே எரிபொருளும் சூடான சாப்பாடும் கிடைக்கும். அரசின் பயணியர் மையமும் கோடையில் திறந்திருக்கும். அருவிப் பாதையில் குறியீடுகளை நம்பிப் போக முடியாது என்பதால், அன்றைய நிலவரத்தை அந்த மையத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி இருந்தால் பாசி நிலத்தில் நடப்பது எளிது. என் துணிக்காலணி இரண்டாம் இரவு முழுக்க நெருப்போரம் காய்ந்தும் ஈரமாகவே இருந்தது. வடக்கே தொடரப் போகிறவர்கள் வண்டியின் கலனை நிரப்பிக்கொள்ளாமல் கோல்டுஃபுட்டைத் தாண்ட வேண்டாம். அடுத்த பங்க் 240 மைலுக்கு அப்பால், சாலை முடியும் டெட்ஹார்ஸில்தான்.