சிக்னலா, மோலியா? கட்சிக்காரர் போனில் எதைப் போடுவது

மதுரையில் குடும்ப நல வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் இருப்பது, குடும்ப வன்முறைச் சட்டப்படி போடும் மனு, இவைதான் அன்றாடம். வாய்தா தேதியிலிருந்து காயத்தின் போட்டோ வரைக்கும் எல்லாமே இப்போது போனில்தான் வந்து போகிறது. எங்கள் அலுவலகத்தில் அதற்கு சிக்னல் என்ற செய்திச் செயலிதான். வக்காலத்தில் கையெழுத்து வாங்கிய கையோடு ஜூனியர் கட்சிக்காரரின் போனை வாங்கி அதை நிறுவித் தந்துவிடுவாள்.

ஆண்ட்ராய்டு போனில் சிக்னல் என்றால் ப்ளே ஸ்டோரில் கிடைப்பது ஒன்று. சிக்னலின் சொந்தத் தளத்தில் ஏபிகே கோப்பாக, அதாவது ஸ்டோர் இல்லாமல் நேரடியாக நிறுவும் கோப்பாகக் கிடைப்பது இன்னொன்று. சிக்னலின் மூலநிரலை எடுத்து வேறொரு குழு செய்யும் மோலி, அதிலேயே கூகுளின் நிரல் எதுவும் கலக்காத மோலி-ஃபாஸ் என்று மேலும் இரண்டு. நான்கும் ஒரே சர்வரில்தான் பேசுகின்றன, குறியாக்க முறையும் ஒன்றே. மோலியில் இருப்பவர் சிக்னலில் இருப்பவருக்கு வழக்கம்போல் செய்தி அனுப்பலாம், பேசலாம். அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? அந்தப் போன் யார் கைக்கெல்லாம் போகும் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பேன்.

முதலில், சிக்னல் எதற்கு என்பது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது வெளியே போகக் கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132ஆம் பிரிவிலும் இருக்கிறது. சட்டம் காப்பாற்றுவதைச் செயலி கசியவிடக் கூடாது. சிக்னலை நடத்துவது லாப நோக்கில்லாத அறக்கட்டளை. 2018இல் சிக்னலை உருவாக்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும், வாட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டனும் சேர்ந்து தொடங்கியது. அதற்கு முன்பே, 2016இல், அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து ஒரு விசாரணைக்காக விவரம் கேட்டு உத்தரவு வந்தபோது சிக்னலிடம் கொடுப்பதற்கு இருந்தவை இரண்டே விவரங்கள்: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது சர்வரோடு தொடர்பு கொண்டது. வாட்ஸ்அப்பிலும் செய்தி இதே முறையில்தான் பூட்டப்படுகிறது. ஆனால் யார் யாரோடு பேசினார் என்ற விவரத்தைச் சேர்த்து வைக்காமல் இருப்பதில் சிக்னல் பக்கம் சாய்கிறேன்.

என் கட்சிக்காரர்கள் பலருக்கு ஆபத்து அமெரிக்காவிலிருந்தோ அரசாங்கத்திடமிருந்தோ வருவதில்லை. பக்கத்து அறையிலிருந்து வருகிறது. “வீட்ல எல்லாருக்கும் என் பேட்டர்ன் தெரியும் மேடம். மாத்தினா ஏன் மாத்தினேன்னு கேப்பாங்க.” இதை நான் அடிக்கடி கேட்கிறேன். போனை வாங்கித் தந்தவர் கணவர். பெட்டியைப் பிரித்த அன்றே தன் கைரேகையையும் அதில் பதிந்திருப்பார்.

இங்கேதான் ப்ளே ஸ்டோர் சிக்னல் சறுக்குகிறது. அதில் திரைப்பூட்டு என்று ஒரு அமைப்பு இருக்கிறது, ஆனால் அது போனின் பூட்டையேதான் கேட்கும். போனைத் திறக்கத் தெரிந்தவருக்கு சிக்னலும் திறக்கும். கணவரின் விரலை வைத்தாலும் திறக்கும். சிக்னல் பின் நம்பர் வைத்திருக்கிறோமே என்று சிலர் நினைப்பார்கள். அந்த நம்பர் வேறு வேலைக்கு, கணக்கை மறுபடி பதிவு செய்யும்போது மீட்பதற்கு. செயலியின் வாசலை அது பூட்டாது.

மோலி இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. போனின் பூட்டோடு சம்பந்தமே இல்லாத தனி கடவுச்சொல் ஒன்றை அதில் வைக்கலாம். செய்திகள் சேமிக்கப்பட்டிருக்கும் தரவுத்தளமே அந்தச் சொல்லால் பூட்டப்படுகிறது. நாம் குறித்த நேரம் சும்மா இருந்தால் தானாகவே மூடிக்கொள்ளும், மூடும்போது போனின் நினைவகத்தில் இருந்ததையும் அழித்துவிடும். போனைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு நோண்டினாலும் அவருக்குத் தெரிவது கடவுச்சொல் கேட்கும் ஒரு திரை மட்டும்தான். எங்கள் வேலைக்கு இந்த ஒரு வசதி போதும், மோலியை மனதாரப் பரிந்துரைக்க.

இன்னொரு நல்ல வசதி, ஒரே கணக்கை இரண்டாவது ஆண்ட்ராய்டு கருவியிலும் இணைத்து வைத்துக்கொள்ள மோலி விடுகிறது. அலுவலக டேப்லெட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கோர்ட்டில் என் போன் பையில் கிடந்தாலும் ஜூனியர் அலுவலகத்தில் இருந்தபடி பதில் போட்டுவிடலாம்.

குறைகளும் இருக்கின்றன, அவற்றை முன்கூட்டியே சொல்லித்தான் போடுகிறோம். கடவுச்சொல்லை மறந்தால் மறந்ததுதான், மீட்க வழியே கிடையாது. கணக்கைப் புதிதாகப் பதிவு செய்யலாம், ஆனால் காப்புப் பிரதி எடுத்து வைத்திருக்காவிட்டால் பழைய செய்திகள் போனது போனதுதான். பூட்டியிருக்கும்போது வருகிற செய்தியின் உள்ளடக்கம் அறிவிப்பில் தெரியாது, அழைப்பும் மணி அடிக்காது. அதனால் அவசரத்துக்கு சாதாரண போன் கால்தான் என்று பேசி வைத்துக்கொள்கிறோம். ப்ளே ஸ்டோரில் மோலி கிடையாது. ப்ளே ஸ்டோர் போலவே செயலிகளை நிறுவ உதவும் எஃப்-டிராய்டு செயலியில் மோலியின் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் மூலநிரல்களை வெளியிடும் தளமான கிட்ஹப்பிலிருந்து இறக்க வேண்டும். தெரியாத இடத்திலிருந்து நிறுவுவதாகப் போன் எச்சரிக்கும். பயந்து போகிறவர்களுக்கு உட்கார வைத்து விளக்க வேண்டியிருக்கிறது. புது வசதிகள் சிக்னலில் வந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் இங்கே வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பது, பாதுகாப்புக் கோளாறு என்றால் திருத்தம் வந்தவுடன் வெளியிடுவது என்பது மோலி குழுவின் நடைமுறை. எப்படிப் பார்த்தாலும், சிக்னலை நம்புவதோடு இந்தச் சிறிய குழுவையும் சேர்த்து நம்ப வேண்டும். மூலநிரல் எல்லோரும் பார்க்கும்படி வெளியே இருப்பதால் எனக்கு அது சம்மதம்.

மோலி-ஃபாஸ் யாருக்கு? கூகுள் சேவைகளையே போனிலிருந்து எடுத்துவிட்டவர்களுக்கு. மற்றப் பதிப்புகளில், போனில் கூகுள் சேவைகள் இருந்தால், செய்தி வந்ததும் போனை எழுப்பிவிடும் வேலையை கூகுள் செய்கிறது. எழுப்புவது மட்டும்தான், செய்தி அதன் வழியாகப் போவதில்லை. ஆனாலும் எந்த நேரத்தில் எழுப்பியது என்பதே ஒரு தடயம். அந்த அறிவிப்பு விவரங்களை அரசாங்கங்கள் கூகுளிடமும் ஆப்பிளிடமும் கேட்டு வாங்குகின்றன என்று அமெரிக்க செனட்டர் ரான் வைடன் 2023 டிசம்பரில் வெளிப்படையாகவே எழுதினார். பத்திரிகையாளருக்கு, செயற்பாட்டாளருக்கு இது பெரிய விஷயம். ஜீவனாம்ச வழக்கு நடத்துகிறவருக்கு அவ்வளவு இல்லை. கூகுள் இல்லாமல் இருந்தால் செயலி பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பேட்டரி தீரும், விலை குறைந்த போன்கள் பல அதைப் பாதியிலேயே நிறுத்திவிடும். செய்தி மாலையில்தான் வந்து சேரும். தளத்திலிருந்து இறக்கும் ஏபிகேயும் இதே வகையினருக்குத்தான், அதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும், நன்றாகவே வேலை செய்கிறது.

இந்த நான்கைத் தாண்டி எதையும் தொட வேண்டாம். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். சிக்னல் ப்ளஸ் மெசஞ்சர் என்ற பெயரில் ஒரு செயலி ப்ளே ஸ்டோரிலேயே இருந்தது. நிறுவியவரின் சிக்னல் கணக்கை அவருக்குத் தெரியாமலே தாக்குபவரின் கருவியோடு இணைத்துவிடும் வேலையை அது செய்ததை ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2023இல் வெளியிட்டது. பெரிய இடத்துக் கதையும் உண்டு. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த மைக் வால்ட்ஸ், டெலிமெசேஜ் நிறுவனம் செய்த மாற்றுச் சிக்னலைப் பயன்படுத்துவது அமைச்சரவைக் கூட்டத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தில் தெரிந்தது. செய்திகளை ஆவணமாகச் சேமிப்பதற்காக அது ஒரு பிரதியை வேறிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 2025 மே மாதமே அதை உடைத்து உள்ளே புகுந்துவிட்டார்கள். சிக்னல் உடையவில்லை, சிக்னல் போல் இருந்தது உடைந்தது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் “சிக்னல் ப்ரோ” வகையறாவை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

சரி, வீட்டில் பயமில்லாதவர்களுக்கு? ப்ளே ஸ்டோர் சிக்னலே தாராளம். அதில் சில அமைப்புகளை மட்டும் மாற்றித் தருகிறோம். அறிவிப்பில் பெயரும் வேண்டாம், செய்தியும் வேண்டாம். எங்கள் உரையாடலில் செய்திகள் ஒரு வாரத்தில் மறையும். இதைக் கேட்டதும் சாட்சியம் போய்விடாதா என்று சக வக்கீல்கள் கேட்பார்கள். மிரட்டல் வருவது வேறு செயலியில், அதை யாரும் அழிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறோம். எங்களுக்கு அனுப்பும் போட்டோக்களை உடனே அலுவலகத்தில் பத்திரப்படுத்திவிடுகிறோம், மூலப்படமும் அதை எடுத்த போனும் இருந்தால்தான் பின்னால் அதே சாக்ஷ்ய அதினியத்தில் மின்னணு ஆவணத்துக்குக் கேட்கும் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் போட முடியும். இணைத்த கருவிகள் பட்டியலை அவ்வப்போது திறந்து பார்க்கச் சொல்கிறோம். அறிமுகமில்லாத லேப்டாப் ஒன்று அதில் இருந்தால் வீட்டில் யாரோ எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். செயலியின் ஐகானையும் பெயரையும் வானிலை, குறிப்பு என்பது போல மாற்றும் வசதியும் உண்டு. ஆனால் அறிவிப்பு வரும்போது சிக்னல் என்ற பெயர்தான் வரும், அதனால் அதை மட்டும் நம்பக் கூடாது.

சிலர் போனில் எதையுமே போடுவதில்லை. கடவுச்சொல் கேட்கும் திரையைப் பார்த்ததும் கை ஓங்குகிற ஆள் வீட்டில் இருந்தால் அந்தப் பூட்டே அடிக்குக் காரணமாகிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு அக்கா போன், அம்மா போன், இல்லை நேரில். செயலி எது என்ற கேள்வியே அங்கே எழக் கூடாது.

சிக்னல்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. தனி கடவுச்சொல் வசதி ஆண்ட்ராய்டு சிக்னலிலேயே முன்பு இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு போனின் பூட்டை நம்பும்படி மாற்றினார்கள். ஒருவர் போனை அவர் மட்டுமே திறப்பார் என்று நினைக்கிற ஊரில் அது சரியாக இருக்கலாம். எங்கள் வீடுகளில் அப்படி இல்லை. அந்த வசதியைத் திரும்பக் கொண்டுவந்தால் ப்ளே ஸ்டோரிலிருந்தே நிறுவித் தந்துவிடுவோம், எஃப்-டிராய்டு பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியிருக்காது. அதுவரை மோலிதான்.