ஷேக்ஸ்பியரின் ஊருக்கு எந்த வழி? கொங்கு நாட்டிலிருந்து கிளம்புவோருக்கு ஓர் ஒப்பீடு

பள்ளிக்கூடத்தில் ஷைலக்கின் கதையைப் படித்த நாளிலிருந்து ஷேக்ஸ்பியரை மனசில் வைத்திருப்பவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் நிறையப் பேர். மகனோ மகளோ இங்கிலாந்தில் வேலைக்குப் போனதும், "அப்படியே ஒரு நாள் அந்த ஊரையும் எட்டிப் பார்த்துட்டு வந்துரலாம்" என்று திட்டம் போடுகிறார்கள். அந்த "ஒரு நாள்" என்ற கணக்கில்தான் பயணம் கெட்டுப்போகிறது. ஷேக்ஸ்பியர் நாடகக்காரர். அவர் வீட்டைப் பார்ப்பது பாதிதான். அவர் ஊரில் உட்கார்ந்து அவர் நாடகத்தைப் பார்த்தால்தான் போன காரியம் நிறைவேறும். கீழே வரும் மூன்று வழிகளையும் இந்த அளவுகோலை வைத்தே எடைபோடுகிறோம்.

மூன்று வழிகள் இவை. ஒன்று, லண்டனிலிருந்து காலையில் கிளம்பி இரவில் திரும்பும் பேருந்துச் சுற்றுலா. இரண்டு, லண்டனிலேயே தங்கி, தேம்ஸ் கரையில் இருக்கும் குளோப் அரங்கில் நாடகம் பார்த்துவிட்டு, ஒரு பகலில் ரயிலேறி அவர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய்வருவது. மூன்று, லண்டனை விட்டுவிட்டு பர்மிங்காமில் இறங்கி, ஸ்ட்ராட்ஃபோர்டிலேயே மூன்று இரவு தங்குவது.

பேருந்துச் சுற்றுலா

லண்டனுக்கும் ஏவன் நதிக்கரை ஸ்ட்ராட்ஃபோர்டுக்கும் ஏறக்குறைய 160 கி.மீ. கோவையிலிருந்து சேலம் போகிற தூரம். பேருந்துக்காரர்கள் இந்த ஓர் ஊருக்காக மட்டும் ஓட்டுவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்கள், சில சமயம் வாரிக் கோட்டை எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்துவிடுகிறார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டில் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். ஹென்லி தெருவில் பிறந்த வீட்டைப் பார்த்து, வாசலில் படம் எடுத்து, ஒரு காபி குடித்தால் நேரம் முடிந்தது. அவர் அடங்கியிருக்கும் இடத்தையும் பார்க்கலாம் என்று நினைத்துப் போனால், அந்தத் தேவாலயம் ஊரின் மறுகோடியில் இருக்கிறது; அது அநேகமாக விட்டுப்போகும். மாலையில் திரும்பிவிடுவதால் நாடகத்துக்கு வழியே இல்லை.

சாமான் தூக்க வேண்டாம், வழி தேட வேண்டாம் என்பது இதன் நல்ல பக்கம். உடன் வரும் வயசானவர்களுக்கோ சிறு பிள்ளைகளுக்கோ ஷேக்ஸ்பியரில் நாட்டமில்லை, இங்கிலாந்தின் கிராமப்புறத்தைப் பார்த்தால் போதும் என்றால் இதையே எடுக்கலாம். முன்பதிவு செய்யும்போது பிறந்த வீட்டின் நுழைவுச்சீட்டு கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா, "வெளியிலிருந்து பார்ப்பது" மட்டும்தானா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லண்டனும் குளோப்பும்

பழைய குளோப் 1599-ல் கட்டப்பட்டது. 1613-ல் 'எட்டாம் ஹென்றி' நாடகம் நடக்கும்போது சுட்ட பீரங்கியின் பொறி கூரையில் பற்றி எரிந்துபோனது. இப்போது இருப்பது சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகரின் விடாமுயற்சியால் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே எழும்பி, 1997-ல் திறக்கப்பட்டது. மரச்சட்டம், வைக்கோல் மாதிரியான நாணல் கூரை, நடுவில் திறந்த முற்றம். முற்றத்தில் ஏறக்குறைய 700 பேர் நின்றுகொண்டே பார்க்கலாம். அதுதான் ஆகக் குறைந்த கட்டணம். அதுவே மிக அருமையான இடமும்கூட. நடிகர்கள் கூட்டத்துக்குள் இறங்கி வருவார்கள், பார்வையாளர் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். நம் பக்கத்தில் கூத்தையோ உடுக்கையடிப் பாட்டையோ களத்தைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த நெருக்கம் புதிதல்ல.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறோம். ஏறக்குறைய மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். நாடகம் நடக்கும்போது முற்றத்துத் தரையில் உட்கார விடமாட்டார்கள். மூட்டுவலிக்காரர்கள் மாடத்தில் இருக்கை எடுப்பது நல்லது. அதுவும் முதுகுச் சாய்வில்லாத மரப் பலகைதான், மெத்தையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மழை பெய்தாலும் நாடகம் நிற்காது. குடை விரிக்கக் கூடாது என்பதால் தொப்பி வைத்த மழைக்கோட்டு வேண்டும். திறந்தவெளிப் பருவம் தோராயமாக வசந்தத்தின் நடுவிலிருந்து அக்டோபர் வரை. நம்மூர்க் கோடை விடுமுறையான மே மாதம் இதற்குப் பொருந்தும். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு அதே வளாகத்தில் 2014-ல் திறந்த உள்ளரங்கம் இருக்கிறது. அங்கே மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே நாடகம் போடுவார்கள்.

ஆனால் குளோப் இருப்பது அவர் பிழைக்கப் போன ஊரில். சொந்த ஊரைப் பார்க்க ரயில் பிடிக்க வேண்டும். லண்டன் மேரில்போன் நிலையத்திலிருந்து இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம். சில ரயில்கள் நேராகப் போகும், மற்றவற்றில் லெமிங்டன் ஸ்பாவில் மாற வேண்டும். வார நாள் காலையில் அலுவலக நேர ரயிலுக்குக் கட்டணம் கூடுதல். கொஞ்சம் பொறுத்து ஏறினால் கணிசமாக மிச்சமாகும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. லண்டனுக்குள்ளேயே, கிழக்கே, "ஸ்ட்ராட்ஃபோர்டு" என்ற பெரிய நிலையம் இருக்கிறது. 2012 ஒலிம்பிக் நடந்த இடம் அதுதான். கைப்பேசியில் வெறுமனே ஸ்ட்ராட்ஃபோர்டு என்று தட்டினால் அதுவே முதலில் வரும். சீட்டில் "அபான் ஏவன்" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

ஸ்ட்ராட்ஃபோர்டிலேயே தங்குவது

எங்கள் பரிந்துரை இதுதான். லண்டன் வழியாகத்தான் போக வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். பர்மிங்காம் விமான நிலையத்திலிருந்து ஷேக்ஸ்பியரின் ஊர் சாலை வழியில் 40 கி.மீ. சுமார்; கோவைக்கும் அவிநாசிக்கும் உள்ள இடைவெளி. கோவை, திருப்பூர்க்காரர்களுக்குக் கொச்சியும் சேலம், நாமக்கல்காரர்களுக்குப் பெங்களூரும் வசதி; இரண்டிலிருந்தும் துபாயில் மாறி பர்மிங்காம் போகலாம். கோவையிலிருந்தே ஷார்ஜாவுக்கு விமானம் இருக்கிறதே என்று அங்கே இறங்கி, துபாய் விமானத்தைத் தனிச் சீட்டில் பிடிக்க நினைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு விமான நிலையங்கள். பெட்டியை எடுத்து, குடிநுழைவைத் தாண்டி, சாலையில் போய் மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது சீட்டின் பணம் திரும்பாது. முழுப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும்.

பர்மிங்காம் விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு இலவசத் தானியங்கி வண்டி ஓடுகிறது. அங்கே ரயிலேறி நியூ ஸ்ட்ரீட்டில் இறங்கி, பத்து நிமிடத்துக்குள் நடந்து மூர் ஸ்ட்ரீட் நிலையத்துக்குப் போனால் ஸ்ட்ராட்ஃபோர்டு ரயில் கிடைக்கும். பயணம் ஒரு மணி நேரத்துக்குள். கடைசியில் வரிசையாக வில்ம்கோட், ஸ்ட்ராட்ஃபோர்டு பார்க்வே, அப்புறம் ஊர். பெயரைப் பார்த்து அவசரப்பட்டு பார்க்வேயில் இறங்கிவிட்டால் ஊருக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். ரயில் முடியுமிடம் வரை உட்கார்ந்திருங்கள்.

தங்குவதற்கு குரோவ் ரோடு, எவ்ஷாம் பிளேஸ், ஷிப்ஸ்டன் ரோடு பகுதிகளில் காலை உணவோடு கூடிய வீட்டு விடுதிகள் உண்டு. பழைய வீடுகளாதலால் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, மாடிப்படியும் குறுகல். மூட்டுவலி இருந்தால் தரைத்தள அறை வேண்டும் என்று முன்பே எழுதிவிடுங்கள். சைவம் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் காலையில் பன்றியிறைச்சித் தட்டுதான் வரும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். ஊத்துக்குளி வெண்ணெயோ நெய்யோ பால் இனிப்போ கூடாது: இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் கொண்டுவர பிரிட்டனில் தடை இருக்கிறது, எடுத்து வீசிவிடுவார்கள்.

வந்திறங்கிய அன்று இரவே நாடகத்துக்குச் சீட்டு எடுக்காதீர்கள். கோடையில் அங்கே மணி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். இரவு 7.15-க்குத் திரை விலகும்போது உங்கள் உடம்புக்கு அது இரவு 11.45. எவ்வளவு ஆசையோடு போனாலும் இரண்டாம் அங்கத்தில் கண் சொக்கிவிடும். முதல் இரவு தூக்கம், இரண்டாம், மூன்றாம் இரவுகளில் நாடகம். மூன்று இரவு என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாம் நாள் பகலில் அவர் வாழ்க்கையை அதன் வரிசையிலேயே நடந்து பார்க்கலாம். ஹென்லி தெருவில் பிறந்த வீடு. அப்பா ஜான் தோல் கையுறை தைப்பவர், கம்பளி ஆட்டுமயிர் வியாபாரமும் உண்டு. பட்டறையை அப்படியே காட்டுகிறார்கள். ஈரோட்டுத் தோல் பதனிடும் வேலையை அறிந்தவர்களுக்கு அந்த அறையில் விளக்கம் தேவைப்படாது. அங்கிருந்து சேப்பல் தெருவில், 1597-ல் அவர் சம்பாதித்து வாங்கிய நியூ பிளேஸ். வீடு இல்லை. 1759-ல் அதன் அன்றைய உடைமையாளரான பாதிரியார் இடித்துத் தள்ளிவிட்டார், தோட்டம்தான் மிச்சம். எதுவும் இல்லாத இடம் என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கையுறைக்காரர் மகன் ஊரிலேயே பெரிய வீடுகளில் ஒன்றை வாங்கித் திரும்பி வந்தான் என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும். பக்கத்திலேயே அவர் படித்த பள்ளியறை, 2016 முதல் பார்வைக்குத் திறந்திருக்கிறது. தெருவின் முடிவில் நதிக்கரையில் ஹோலி டிரினிட்டி தேவாலயம். 1564 ஏப்ரல் 26-ல் ஞானஸ்நானம் பெற்றதும் 1616 ஏப்ரல் 25-ல் அடக்கமானதும் அங்கேதான். பிறந்த வீட்டிலிருந்து கல்லறை வரை மொத்தமே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். கல்லறைப் பலகையில் அவர் பெயர் இல்லை. என் எலும்பை அசைப்பவனுக்குச் சாபம் என்ற நான்கு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும், பார்வையாளர்களுக்குப் பிற்பகல்தான்.

மூன்றாம் நாளை ஷாட்டரிக்கு வைத்துக்கொள்ளலாம். மனைவி ஆன் ஹாத்வே வளர்ந்த கூரை வீடு, ஊரிலிருந்து நடையாக அரை மணி. தாய் மேரி ஆர்டனின் பண்ணை வில்ம்கோட்டில் இருக்கிறது. தாயின் வீடு என்று பல தலைமுறையாகக் காட்டிவந்தது பக்கத்துப் பண்ணை வீடு என்று 2000-ல்தான் தெரிந்தது. அது பார்வைக்குத் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

இனி நாடகம் பார்க்கப்போகும் ராயல் ஷேக்ஸ்பியர் அரங்கம். 1879-ல் திறந்த முதல் அரங்கம் 1926-ல் எரிந்தது. எலிசபெத் ஸ்காட் வடிவமைத்த புதியது 1932-ல் வந்தது. உள்ளே முழுக்க மாற்றியமைத்து 2010-ல் மறுபடி திறந்தார்கள். மேடை பார்வையாளருக்குள் நீண்டு, மூன்று பக்கமும் ஆள் சூழ இருக்கும். முன்பு 27 மீட்டர் தள்ளி இருந்த கடைசி இருக்கை இப்போது 15 மீட்டரில். பக்கவாட்டு இருக்கை மலிவு, மோசமும் இல்லை. "பார்வை மறைவு" என்று குறித்திருப்பதை மட்டும் தவிருங்கள். பக்கத்து ஸ்வான் அரங்கம் இன்னும் சிறியது, நெருக்கமானது. இரண்டிலும் எப்போதும் ஷேக்ஸ்பியர்தான் நடக்கும் என்று எண்ண வேண்டாம். வேறு நாடகங்களும் போடுவார்கள், இரண்டு தயாரிப்புகளுக்கு நடுவே வெற்று நாள்களும் உண்டு. ஏப்ரல் 23-ஐ ஒட்டிய பிறந்தநாள் விழா வாரத்தில் ஊர் நிறைந்துவிடும், அறைக்கு வெகு முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும்.

அந்தக் கால ஆங்கிலம் காதில் ஏறுமா என்ற பயம் பலருக்கு. கதையைத் தமிழில் தெரிந்துகொண்டு போனால் பாதிப் பயம் போய்விடும். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், 'ஹாம்லெட்'டை 'அமலாதித்த'னாகவும் 'மெக்பெத்'தை 'மகபதி'யாகவும் 'வெனிஸ் வணிக'னை 'வாணிபுர வணிக'னாகவும் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். போகும் தேதியில் எந்த நாடகம் என்று பார்த்து, அதை மட்டும் இரண்டு தரம் வாசித்தால் போதும்.

செலவைப் பொறுத்தவரை பேருந்து வழிதான் மேலோட்டமாகக் குறைவு. லண்டன் அறை வாடகையையும் சேர்த்தால் அந்த மிச்சம் பெரும்பாலும் கரைந்துவிடும். குளோப்பையும் விட மனசில்லாதவர்கள் மூன்றாம் வழியோடு கடைசியில் லண்டனில் ஓர் இரவைச் சேர்த்து, அங்கிருந்தே திரும்ப விமானம் ஏறலாம். அப்படியானால் பர்மிங்காமில் இறங்கி லண்டனில் ஏறும் சீட்டாக ஒன்றாகவே பதிவு செய்யுங்கள்.

எந்த வழியானாலும் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் அரங்கத்தின் நாள்காட்டியைப் பார்த்துத் தேதி. அடுத்து விசா, பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும், முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். விவசாயக் குடும்பத்தார் வருமானத்துக்குச் சிட்டா, அடங்கல் வைப்பதானால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்க்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் உறவினரிடம் வாங்கிய பெருந்தொகையைக் கணக்கில் போட்டுக் காட்டுவது நிராகரிப்பை வரவழைக்கும்; மஞ்சளோ கொப்பரையோ விற்ற பணம் என்றால் விற்பனை ரசீதோடு காட்டுங்கள். விசா கைக்கு வந்த பிறகே, பணம் திரும்பாத விமானச் சீட்டு. நாடகச் சீட்டை மட்டும் விசாவுக்குக் காத்திராமல் எடுத்துவிடலாம். நட்டமானாலும் சிறிய தொகைதான், தாமதித்தால் நல்ல இருக்கைகள் போய்விடும்.